டேட்டாபேஸுக்கு எந்த ஃபைல் சிஸ்டம்? வாசகர் கேள்வி - பதில்

டேட்டாபேஸ் சர்வர்களை நிர்வகிக்கும் வாசகர்கள் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் கோப்புகளை வைத்து நிர்வகிக்கும் முறை) பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாமே லினக்ஸ் சர்வர்களைப் பற்றியவை.

கேள்வி: 40 கடைகளின் பில்லிங் ஒரே மைஎஸ்க்யூஎல் சர்வரில் ஓடுகிறது. 32 ஜிபி ரேம், ஒரு என்விஎம்இ டிரைவ். புது சர்வருக்கு இஎக்ஸ்டி4 போடலாமா, எக்ஸ்எஃப்எஸ் போடலாமா? எதில் வேகம் அதிகம்? (வாசகர், ஈரோடு)

பதில்: உங்கள் அளவுக்கு இரண்டில் எதைப் போட்டாலும் கடையில் பில் போடுபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே ஃபைல் சிஸ்டத்தில் ஒரே சோதனையை இரண்டு முறை ஓட்டினாலே முடிவுகள் கொஞ்சம் முன்பின் வரும். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, டேட்டா பக்கங்களை ரேமில் வைத்திருக்கும் பஃபர் பூலின் அளவை யாராவது மாற்றியிருக்கிறார்களா? நிறுவியபடியே விட்டிருந்தால் அது வெறும் 128 எம்பி. டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய 32 ஜிபி சர்வரில் 20 முதல் 24 ஜிபி வரை தாராளமாகக் கொடுக்கலாம். கூடவே ஃப்ளஷ் மெத்தடை (டிஸ்க்கில் எழுதும் முறை) ஓ-டைரக்ட் என்று, அதாவது கர்னலின் கேஷைத் தொடாமல் எழுதும்படி, வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பக்கம் பஃபர் பூலிலும், லினக்ஸ் கர்னல் கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும் பேஜ் கேஷிலும் இரண்டு பிரதியாக உட்கார்ந்து ரேமைத் தின்னும். இந்த இரண்டையும் சரி செய்வதில் கிடைக்கும் வேகம் எந்த ஃபைல் சிஸ்டத்தை மாற்றினாலும் கிடைக்காது.

வேலைப்பளு கூடும்போதுதான் இவற்றின் குணம் வேறுபடத் தொடங்கும். எக்ஸ்எஃப்எஸ் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் பெரிய கணினிகளுக்காக 1990-களில் பிறந்தது. டிஸ்க்கைத் தனித்தனி ஒதுக்கீட்டுக் குழுக்களாகப் பிரித்துக்கொள்வதால், பல கோப்புகள் ஒரே நேரத்தில் வளரும்போது ஒன்றுக்கொன்று காத்துக் கிடப்பது குறைவு. ஒரே பெரிய கோப்புக்குள் பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஓ-டைரக்ட் முறையில் எழுதினாலும், ஏற்கெனவே எழுதப்பட்ட இடத்தின் மேல் எழுதும்வரை பூட்டை (ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடாமல் தடுப்பது) பகிர்ந்துகொள்ள விடும். இஎக்ஸ்டி4-உம் புதிய கர்னல்களில் இதில் நெருங்கி வந்துவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. பேஜ் கேஷ் வழியாகப் படிக்கும்போது எக்ஸ்எஃப்எஸ் கோப்பின் மேல் ஒரு பகிர்வுப் பூட்டு எடுக்கிறது. எழுதுபவர் தனிப்பூட்டு எடுக்கிறார். ஒரே கோப்பைப் பலர் படித்தும் எழுதியும் கொண்டிருந்தால் படிப்பவர் நிற்க நேரும். இஎக்ஸ்டி4 அப்படிப் படிப்பதற்குப் பூட்டு எடுப்பதில்லை. போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் பேஜ் கேஷை நம்பியே ஓடுவது. ஆனால் அது டேபிளை 1 ஜிபி கோப்புகளாகத் துண்டு போட்டு வைப்பதால் இந்த மோதல் பரவிப்போய்விடும். தரவு முழுவதும் ஒரு சின்ன, எப்போதும் பயன்பாட்டில் இருக்கும் டேபிளில் இருந்தால் மட்டும் இதை நினைவில் வையுங்கள்.

நிர்வாகத்தில் இரண்டு விஷயம். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், சிறிதாக்குவது நடைமுறையில் முடியாது. இஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்துவிட்டுச் சிறிதாக்கலாம். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிரைவில் அது கிட்டத்தட்ட 50 ஜிபி. டேட்டாவுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் பார்ட்டிஷனில் ட்யூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். ரெட் ஹாட் லினக்ஸ் வழியில் வருபவர்களுக்கு 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல் எக்ஸ்எஃப்எஸ்தான் இயல்பு. டெபியன், உபுண்டு என்றால் இஎக்ஸ்டி4. உங்கள் லினக்ஸ் விநியோகம் எதை இயல்பாகத் தருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸை ஓட்டுபவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் வயர்டைகர் சேமிப்பு எஞ்சினுக்கு எக்ஸ்எஃப்எஸ்ஸையே அதை உருவாக்கியவர்கள் வலியுறுத்துகிறார்கள். வேறு ஒன்றில் ஓட்டினால் தொடங்கும்போதே எச்சரிக்கை வரும்.

கேள்வி: கடையில் வாங்கிய புது என்விஎம்இ விநாடிக்கு 2 ஜிபி எழுதுகிறது. ஆனால் டேட்டாபேஸில் ஒரு கனெக்‌ஷனில் விநாடிக்கு 300 கமிட்டுக்கு மேல் போகவில்லை. ஃபைல் சிஸ்டத்தை மாற்றினால் சரியாகுமா? (வாசகி, மதுரை)

பதில்: ஆகாது. அந்த 2 ஜிபி கணக்கு, பெரிய கோப்பை ஒரே மூச்சில் எழுதும் வேகம். கமிட் என்பது சில கிலோபைட்டை எழுதி, "இது மின்சாரம் போனாலும் அழியாத இடத்துக்குப் போய்விட்டது" என்று டிரைவ் சொல்லும்வரை நிற்பது. அந்தக் காத்திருப்பின் பெயர்தான் எஃப்சிங்க்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 300 கமிட் என்றால் ஒன்றுக்கு 3.3 மில்லிவிநாடி. மைஎஸ்க்யூஎல்லில் பின்லாக் (மாற்றங்களின் பதிவுக் கோப்பு) இயங்கி, ஒவ்வொரு கமிட்டிலும் டிஸ்க்குக்கு எழுதச் சொல்லும் சிங்க் பின்லாக், ஃப்ளஷ் லாக் அட் கமிட் செட்டிங் இரண்டும் 1 என்று இருந்தால், ஒரு கமிட்டுக்கு ரீடூ லாகுக்கு (redo log, மீட்பதற்கான பதிவு) ஒன்று, பின்லாகுக்கு ஒன்று என்று இரண்டு எஃப்சிங்க். ஆக ஒன்று சுமார் 1.7 மில்லிவிநாடி. வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு இது இயல்பான எண்தான். எஃப்சிங்க் வந்ததும் கர்னல் டிரைவுக்கு ஃப்ளஷ் கட்டளை அனுப்புகிறது. டிரைவ் தன் உள் கேஷில் இருப்பதையெல்லாம் ஃப்ளாஷ் செல்களில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்கிறது.

சர்வர்களுக்கென்று செய்த எஸ்எஸ்டியின் பலகையில் வரிசையாகக் கெபாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போனாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்க அந்தச் சேமிப்பு போதும் என்பதால், ஃப்ளஷ் கேட்டவுடனே அது "ஆயிற்று" என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. வாங்கும்போது விவரக் குறிப்பில் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் என்று இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பணத்தைப் போட வேண்டிய இடம் அதுதான்.

பழைய சுழலும் டிஸ்க்கில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 7200 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. ஒரே இடத்தில் வரிசையாக எழுதி எஃப்சிங்க் செய்தால் விநாடிக்குச் சுமார் 120-தான் வர முடியும். பேட்டரி வைத்த ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாக்கும் அட்டை) இல்லாத அப்படியொரு டிஸ்க்கில் விநாடிக்கு 2000 எஃப்சிங்க் வருகிறதென்றால் மகிழ வேண்டாம். நடுவில் யாரோ "எழுதிவிட்டேன்" என்று எழுதாமலே சொல்கிறார்கள்.

ஒரு கனெக்‌ஷனை மட்டும் வைத்து மதிப்பிடவும் வேண்டாம். 32 கனெக்‌ஷன் ஒரே நேரத்தில் கமிட் கேட்டால், டேட்டாபேஸ் அவற்றைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே எஃப்சிங்கில் முடித்துவிடும். மொத்த எண்ணிக்கை பல மடங்கு ஏறும். மொத்தமாக டேட்டா ஏற்றும் புரோகிராம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கமிட் போடுகிறதென்றால், 1000 வரிக்கு ஒரு கமிட் என்று மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு ஃபைல் சிஸ்டத்தை நியாயமாக ஒப்பிடுவது எப்படி? டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியை வைத்து ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு எண் வருகிறது. (வாசகர், சென்னை)

பதில்: எண் மாறிக்கொண்டே இருப்பதற்கு வழக்கமான காரணங்கள் நான்கு. அவற்றை முதலில் ஒழிக்க வேண்டும்.

புது எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது காட்டும் வேகம் நிலைக்காது. சோதனைக்கு முன் முழு டிரைவையும் இரண்டு முறை வரிசையாக எழுதி நிரப்புங்கள். பிறகு சிறிது நேரம் அங்கங்கே எழுதும் சோதனையை ஓட்டி வேகம் தட்டையாகும்வரை விடுங்கள். இரண்டாவது, இஎக்ஸ்டி4-ஐ ஃபார்மேட் செய்தால் ஐநோட் அட்டவணையை (கோப்புகளின் விவரப் பட்டியல்) அப்போதே முழுதாக எழுதாது. மவுண்ட் செய்த பிறகு பின்னணியில் ஒரு கர்னல் த்ரெட் மெதுவாக எழுதிக்கொண்டே இருக்கும். பெரிய டிரைவில் அது நீண்ட நேரம் நடந்து, உங்கள் சோதனையோடு டிஸ்க்குக்காகப் போட்டி போடும். ஃபார்மேட் செய்யும்போதே லேசி ஐடேபிள் இனிட், லேசி ஜர்னல் இனிட் இரண்டையும் 0 என்று கொடுங்கள். இதைச் செய்யாமல் எக்ஸ்எஃப்எஸ்ஸுடன் ஒப்பிட்டு இஎக்ஸ்டி4 மந்தம் என்று முடிவு கட்டுவது அநியாயம். மூன்றாவது, சோதனைக் கோப்பு ரேமைவிடச் சிறியதாக இருந்து, டைரக்ட் ஐஓவும் (பேஜ் கேஷைத் தவிர்த்துப் படிப்பது, எழுதுவது) இல்லையென்றால் நீங்கள் அளப்பது ரேமைத்தான். நான்காவது, இரண்டு ஃபைல் சிஸ்டத்தையும் ஒரே டிரைவின் வேறு வேறு பார்ட்டிஷனில் வைத்து ஒப்பிடுவது. சுழலும் டிஸ்க்கில் வெளிவிளிம்பு எப்போதும் வேகம். ஒரே பார்ட்டிஷனை மாற்றி மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள்.

பிறகு சோதனை. டேட்டாபேஸ் இரண்டு விதமாக எழுதுகிறது. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். லாக் எழுதுவதற்கு: 8கே பிளாக், வரிசையாக எழுதுதல், ஒரே ஜாப், எஃப்டேட்டாசிங்க் 1 (ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னும் எஃப்சிங்க் போன்ற காத்திருப்பு), 5 நிமிடம். இதை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை கோப்பு வளர வளர எழுதும்படி, இரண்டாம் முறை ஓவர்ரைட் 1 கொடுத்து ஏற்கெனவே எழுதி வைத்த கோப்பின் மேல் எழுதும்படி. இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் (கோப்பு விவரங்களின் மாற்றத்தை முதலில் குறித்து வைக்கும் பதிவேடு) வாங்கும் கூலி. கோப்பு வளரும்போது அதன் அளவும் பிளாக் விவரமும் மாறுவதால், ஒவ்வொரு எஃப்சிங்கிலும் ஜர்னலையும் எழுதியாக வேண்டும். வளராத கோப்பில் அந்த வேலை இல்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. எஃப்அலொகேட் கொண்டு இடம் ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது இடத்தை "ஒதுக்கியது, இன்னும் எழுதாதது" என்று மட்டுமே குறித்து வைக்கும். முதல் முறை எழுதும்போது அந்தக் குறியை மாற்ற மறுபடி ஜர்னலுக்குப் போக வேண்டும். போஸ்ட்கிரஸ் 16 எம்பி லாக் கோப்பை முதலில் பூஜ்யங்களால் நிரப்பி வைத்துக்கொள்வதும், பழைய லாக் கோப்பை அழிக்காமல் பெயர் மாற்றித் திரும்பப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

டேட்டா பக்கங்களுக்கு: மைஎஸ்க்யூஎல் என்றால் 16கே, போஸ்ட்கிரஸ் என்றால் 8கே பிளாக். அங்கங்கே படித்தல் 70, எழுதுதல் 30 சதவீதம், டைரக்ட் 1, ஜாப் 4, ஐஓ டெப்த் (ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகள்) 32, ராம்ப் டைம் (கணக்கில் சேராத தொடக்க ஓட்டம்) 60 விநாடி, மொத்தம் 10 நிமிடம். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், 99, 99.9 சதமான வரிகளைப் (நூற்றில் 99, ஆயிரத்தில் 999 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பவை) பாருங்கள். எஃப்சிங்க் தாமதத்தை எஃப்ஐஓ தனிப் பகுதியாக அச்சிடும், அதைத் தவறவிடாதீர்கள். சராசரி நன்றாக இருந்து 99.9 மட்டும் 200 மில்லிவிநாடிக்குப் போனால், பயனாளி திட்டுவது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

கடைசியில் உண்மையான டேட்டாபேஸில் ஓட்டுங்கள். போஸ்ட்கிரஸின் சோதனைக் கருவியான பிஜிபெஞ்சில் ஒரு ஸ்கேல் என்பது 1 லட்சம் வரி, சுமார் 15 எம்பி. 16 ஜிபி ரேம் சர்வருக்கு ஸ்கேல் 3000 வைத்தால் 45 ஜிபி; டேட்டா ரேமுக்குள் அடங்காது. ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். செக்பாயின்ட் (ரேமில் மாறிய பக்கங்களை டிஸ்க்குக்கு எழுதி முடிப்பது) இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒன்று; 2 நிமிடச் சோதனையில் ஒரு செக்பாயின்ட்கூட வராமல் போய், அழகான எண்ணோடு ஏமாந்து நிற்பீர்கள்.

கேள்வி: ஸ்னாப்ஷாட் (ஒரு நொடியின் நிலையை அப்படியே பிடித்து வைப்பது) வசதிக்காக இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு மாறினோம். மைஎஸ்க்யூஎல் மிகவும் மந்தமாகிவிட்டது. டிஸ்க்கில் எழுதப்படும் அளவு, டேட்டாபேஸ் எழுதுவதைவிடப் பல மடங்கு காட்டுகிறது. (வாசகர், கொழும்பு)

பதில்: ரெகார்ட்சைஸை (ஒரு முறையில் எழுதும் துண்டின் அளவு) மாற்றாமல் விட்டிருப்பீர்கள். அது இயல்பாக 128கே. இன்னோடிபி ஒரு 16கே பக்கத்தை மாற்றினால், இசட்எஃப்எஸ் அந்தப் பக்கம் இருக்கும் 128கே ரெகார்டை முழுதாகப் படித்து, நடுவில் 16கேயை மாற்றி, செக்சம் (டேட்டா கெட்டதா என்று பார்க்க உதவும் எண்) கணக்கிட்டு, முழு 128கேயையும் புது இடத்தில் எழுதுகிறது. எட்டு மடங்கு. போஸ்ட்கிரஸின் 8கே பக்கம் என்றால் பதினாறு மடங்கு.

டேட்டாவுக்கென்று தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் தனி செட்டிங் கொண்ட பகுதி) உண்டாக்கி அதில் ரெகார்ட்சைஸ் 16கே வையுங்கள். லாக் கோப்புகள் வரிசையாக எழுதப்படுபவை, அவற்றின் டேட்டாசெட்டில் 128கே இருக்கட்டும். இந்த மாற்றம் புதிதாக எழுதும் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். செட்டிங்கை மாற்றிவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுதுபவர்கள் பலர். மைஎஸ்க்யூஎல்லை நிறுத்தி, கோப்புகளை வேறு டேட்டாசெட்டுக்கு காப்பி செய்து திரும்பக் கொண்டுவந்தால்தான் பலன் தெரியும்.

போஸ்ட்கிரஸுக்கு 8கே வைப்பதா, 16கேயா என்பது நல்ல கேள்வி. பூலின் (டிரைவ்கள் சேர்ந்த மொத்த இடம்) ஆஷிஃப்ட் செட்டிங் 12-இல் இருந்தால் டிஸ்க்கில் மிகச் சிறிய அளவு 4கே. 8கே ரெகார்டை எல்இசட்4 என்ற சுருக்க முறை சுருக்கினால், அது 4கேக்குள் அடங்கினால்தான் லாபம். 5கே ஆனாலும் 8கே இடம்தான் பிடிக்கும். 16கே என்றால் 12, 8, 4 என்று படிகள் கிடைக்கும். சுருக்கத்தால் வரும் மிச்சம், கூடுதலாக எழுதும் செலவைப் பல சமயம் ஈடுகட்டிவிடும். இதை மட்டும் உங்கள் டேட்டாவில் இரண்டையும் ஓட்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ரேம். இசட்எஃப்எஸ்ஸின் ஏஆர்சி கேஷ் லினக்ஸில் நீண்ட காலம் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும்படிதான் இருந்தது. பஃபர் பூலுக்கு 70 சதவீதம் கொடுத்துவிட்டு இதை மறந்தால் ரேம் போதாமல் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் போய் நிற்கும். ஏஆர்சி மேக்ஸ் மதிப்பை நீங்களே வையுங்கள். பஃபர் பூல் பெரிதென்றால் டேட்டா டேட்டாசெட்டில் பிரைமரி கேஷை மெட்டாடேட்டா (கோப்பு விவரங்கள் மட்டும்) என்று மாற்றிப் பார்க்கலாம். ஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைக் குறிப்பது) வேண்டாம்.

இசட்எஃப்எஸ் ஒரு ரெகார்டைப் பழைய இடத்தின் மேல் எழுதுவதில்லை; புது இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றுகிறது. ஆகவே பாதிப் பக்கம் புதியது, பாதி பழையது என்ற நிலை வராது. அப்படிக் கெட்ட பக்கத்தை மீட்கவே இருக்கும் இன்னோடிபியின் டபுள்ரைட்டை நிறுத்தலாம். போஸ்ட்கிரஸில் அதே வேலைக்கான ஃபுல் பேஜ் ரைட்ஸை நிறுத்தலாம். போஸ்ட்கிரஸ் 12 முதல் லாக் கோப்பைப் பூஜ்யத்தால் நிரப்புவதையும் திரும்பப் பயன்படுத்துவதையும் நிறுத்த வால் இனிட் ஜீரோ, வால் ரீசைக்கிள் என்று இரண்டு செட்டிங் உண்டு (வால் என்பது WAL, அந்த லாகின் ஆங்கிலச் சுருக்கம்). எப்படியும் புது இடத்தில்தான் எழுதப்போகிறது என்பதால் இங்கே அந்த வேலை வீண். ஆனால் ஒரு எச்சரிக்கையை கான்ஃபிக் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வையுங்கள்: இந்தச் சர்வரின் கான்ஃபிக்கை யாராவது இஎக்ஸ்டி4 சர்வருக்கு அப்படியே காப்பி செய்தால், அங்கே மின்சாரம் போகும் நாளில் பக்கங்கள் கிழிந்துபோகும்.

இவ்வளவும் செய்தபின்னும் கமிட் மந்தமென்றால், கெபாசிட்டர் உள்ள சிறிய எஸ்எஸ்டி ஒன்றை ஸ்லாக் டிவைஸாக (கமிட் எழுத்துகளை முதலில் வாங்கும் தனி டிரைவ்) சேருங்கள். அதில் சில விநாடி எழுத்து மட்டுமே தங்கும். சில ஜிபி போதும். பூலை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். காலி இடம் துண்டு துண்டானால் புது இடம் தேடுவதிலேயே நேரம் போகும்.

கேள்வி: ஃபெடோரா லினக்ஸ் லேப்டாப்பில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்தான் வந்தது. அதிலேயே போஸ்ட்கிரஸ் ஓட்டலாமா? (மாணவி, திருச்சி)

பதில்: படிக்கவும் பழகவும் தாராளமாக. ஃபெடோரா 2020-இல் 33-ஆம் பதிப்பிலிருந்து மேசைக்கணினிக்கு இதை இயல்பாகத் தருகிறது. டேட்டாபேஸ் கோப்பில் அங்கங்கே எழுதும்போது ஒவ்வொன்றும் புது இடத்துக்குப் போவதால் கோப்பு துண்டு துண்டாகும். ஃபைல்ஃப்ராக் கட்டளையை ஓட்டினால் ஒரு கோப்பு ஆயிரக்கணக்கான துண்டுகளாக இருப்பதைப் பார்க்கலாம்.

காலியான டைரக்டரியில் சாட்டர் பிளஸ் சி கட்டளை (புது இடத்தில் எழுதுவதை நிறுத்துவது) கொடுத்துவிட்டு, அதற்குள் டேட்டாபேஸை உருவாக்கினால் இப்படித் துண்டாவது நின்றுவிடும். ஏற்கெனவே டேட்டா உள்ள கோப்பில் கொடுத்துப் பயனில்லை; ரீஃப்ளிங்க் (பழைய பிளாக்குகளையே பகிர்ந்துகொள்வது) இல்லாமல் காப்பி செய்து கொண்டுவர வேண்டும். விலை என்னவென்றால் அந்தக் கோப்புகளுக்குச் செக்சமும் சுருக்கமும் போய்விடும். மிரர் வைத்திருந்தால் இரண்டு பிரதியும் வேறுபடும்போது எது சரி என்று சொல்ல ஆளில்லை. மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால், ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்குப் பின்னும் ஒவ்வொரு பிளாக்கின் முதல் எழுத்து மீண்டும் புது இடத்துக்கே போகும், துண்டாவது திரும்பிவிடும். அலுவலக சர்வரில் இதை டேட்டாபேஸுக்கு வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பாதுகாப்புக்காக வாங்கியதை வேகத்துக்காகக் கழற்றிவிட்டு ஓட்டுவதற்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் போதும்.

கேள்வி: இரவு 1 மணிக்கு டம்ப் (முழு டேட்டாவின் பேக்கப் கோப்பு) எடுக்கும்போது மைஎஸ்க்யூஎல் கமிட்கள் 3, 4 விநாடி நிற்கின்றன. இஎக்ஸ்டி4, 64 ஜிபி ரேம். டிஸ்க் வேகமானதுதான். (வாசகர், திருப்பூர்)

பதில்: டம்ப் கோப்பும் டேட்டாபேஸும் ஒரே பார்ட்டிஷனில் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு சொல்கிறோம்.

இஎக்ஸ்டி4-இன் இயல்பான ஆர்டர்ட் முறையில் ஒரு வாக்குறுதி உண்டு: ஒரு கோப்புக்குப் புது பிளாக் ஒதுக்கிய தகவலை ஜர்னலில் உறுதி செய்யும் முன், அந்த பிளாக்கின் டேட்டா டிஸ்க்கில் இருக்க வேண்டும். ஜர்னல் எல்லாக் கோப்புக்கும் பொது. உங்கள் பின்லாக் ஒவ்வொரு கமிட்டிலும் வளர்கிறது, ஆகவே அதன் எஃப்சிங்க் ஜர்னலை உறுதி செய்யச் சொல்கிறது. அதே ஜர்னல் தொகுப்பில் டம்ப் கோப்பு வாங்கிய பிளாக்குகளும் இருக்கின்றன. எனவே சில நூறு பைட் பின்லாக், நூற்றுக்கணக்கான எம்பி டம்ப் எழுதி முடியும்வரை வரிசையில் நிற்கிறது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இந்த முடிச்சு இல்லை. ஒரு கோப்பின் எஃப்சிங்க் இன்னொன்றின் டேட்டாவை இழுத்துப் போடாது. டிஸ்க் வரிசையில் நெரிசல் மட்டும் அங்கும் இருக்கும்.

இதோடு ரேம் சேர்ந்துகொள்கிறது. கர்னல் இயல்பாக, கைவசமுள்ள நினைவகத்தில் 10 சதவீதம் அழுக்குப் பக்கங்கள் (மாறியும் டிஸ்க்குக்கு இன்னும் எழுதப்படாதவை) சேரும்வரை பின்னணியில் எழுதத் தொடங்காது. 20 சதவீதத்தில்தான் எழுதுபவரை நிறுத்தும். 64 ஜிபி சர்வரில் 10 சதவீதம் என்பதே பல ஜிபி. சேர்த்து வைத்து ஒரே அடியாகக் கொட்டும்போதுதான் அந்த 3, 4 விநாடி.

டம்ப்பை வேறு டிரைவுக்கு, முடிந்தால் வேறு சர்வருக்கு, நேராக அனுப்புங்கள். அதுதான் முழுத் தீர்வு. அது முடியாவிட்டால் அந்த 10, 20 சதவீதத்துக்குப் பதில் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் 256 எம்பி, டர்ட்டி பைட்ஸ் 1 ஜிபி என்று வைத்து, கொட்டுவதைச் சிறு சிறு தவணையாக்குங்கள். டம்ப்பைப் பிவி என்ற கருவி வழியாக விட்டு விநாடிக்கு 50 எம்பி என்று கட்டுப்படுத்துங்கள். பழைய டம்ப்பை அழிக்கும் நேரத்திலும் நிற்கிறதென்றால் டிஸ்கார்ட் ஆப்ஷனுடன் மவுண்ட் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 200 ஜிபி கோப்பை அழித்ததும் "இந்த இடம் காலி" என்று சொல்லும் அத்தனை டிரிம் கட்டளையும் அப்போதே டிரைவுக்குப் போகும். அதை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை எஃப்எஸ்டிரிம் ஓட விடுங்கள்.

கேள்வி: மவுண்ட் ஆப்ஷனில் பேரியரை நிறுத்தினால் வேகம் பல மடங்கு என்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: செய்யாதீர்கள். பேரியர் இல்லையென்றால் டிரைவுக்கு ஃப்ளஷ் போகாது. மின்சாரம் போனால் கமிட் ஆனதாகச் சொன்ன பில்கள் காணாமல் போகும், ஜர்னலின் வரிசையே குலைந்து ஃபைல் சிஸ்டமும் கெடலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்த ஆப்ஷனையே 4.19 கர்னலில் எடுத்துவிட்டார்கள். கெபாசிட்டர் உள்ள டிரைவில் ஃப்ளஷ் ஏறக்குறைய இலவசம் என்பதால் நிறுத்திக் கிடைப்பது ஒன்றுமில்லை. கெபாசிட்டர் இல்லாத டிரைவில் நிறுத்துவது ஆபத்து. இரண்டு பக்கமும் நியாயமில்லை. நோஏடைம் (கோப்பைப் படித்த நேரத்தைக் குறிக்காமல் விடுவது) வைப்பது பாதுகாப்பானது. ஆனால் லினக்ஸ் இப்போது இயல்பாகவே ரெல்ஏடைமில் (அந்த நேரத்தை எப்போதாவது மட்டும் குறிப்பது) இருப்பதால் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: அமேசான் கிளவுடில் ஜிபி3 (gp3) வகை டிஸ்க். எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டிலும் ஒரே எண் வருகிறது. சோதனை தவறா? (வாசகர், பெங்களூரு)

பதில்: சோதனை சரி. கூடுதல் பணம் கட்டாத ஜிபி3-க்கு விநாடிக்கு 3000 ஐஓ (படிக்கும், எழுதும் கோரிக்கைகள்), 125 எம்பி என்பது வரம்பு. 16கே பக்கம் 3000 என்றால் 47 எம்பிதான். 125-ஐத் தொடும் முன்பே ஐஓ எண்ணிக்கை வரம்பில் முட்டிவிடுகிறது. இரண்டு ஃபைல் சிஸ்டமும் ஒரே சுவரில் மோதுகின்றன. ஐஓ எண்ணிக்கையை உயர்த்தி வாங்குங்கள், அல்லது பஃபர் பூலைப் பெரிதாக்கிப் படிப்பதைக் குறையுங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய டிஸ்க்கென்றால் ஒவ்வொரு பிளாக்கையும் முதல் முறை தொடும்போது பின்னால் இருக்கும் சேமிப்பிலிருந்து இழுத்து வரும். முழு டிஸ்க்கையும் ஒரு முறை படித்து முடித்த பிறகே அளங்கள்.

கேள்வி: டாக்கருக்குள் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) டேட்டாபேஸ் ஓட்டினால் மந்தமாகுமா? (வாசகி, கோவை)

பதில்: வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பு) வைத்தால் ஆகாது, அது நேராக அடியில் உள்ள ஃபைல் சிஸ்டம்தான். கன்டெய்னரின் சொந்த அடுக்கில் வைத்தால் அடுக்குகளை ஒன்றாகக் காட்டும் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் குறுக்கே வரும். இமேஜுக்குள்ளேயே (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) இருந்த கோப்பில் ஒரு பைட்டை மாற்றினாலும் முழுக் கோப்பையும் மேல் அடுக்குக்குக் காப்பி செய்யும். 5 ஜிபி டேட்டாவை இமேஜிலேயே அடைத்து வைத்திருப்பவர்களுக்கு முதல் எழுத்தில் ஏற்படும் நீண்ட நிறுத்தம் இதனால்தான். கன்டெய்னரை நீக்கினால் டேட்டாவும் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கேள்வி: எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் இருக்கும் டேட்டாபேஸ்) கோப்பை நெட்வொர்க் ஷேரில் வைத்து நான்கு கணினியில் பயன்படுத்துகிறோம். அடிக்கடி "லாக்டு" என்று வருகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: எஸ்க்யூலைட் முழுக்க ஃபைல் சிஸ்டத்தின் பூட்டை நம்பியிருக்கிறது. நெட்வொர்க் ஷேர்களில் அந்தப் பூட்டு நம்பத்தக்கதல்ல, கோப்பே கெட்டுப்போகக்கூடும். வால் முறை (WAL, மாற்றங்களை முதலில் தனி லாகில் எழுதுவது) அங்கே வேலையே செய்யாது, ஏனென்றால் அதற்கு எல்லா புரோகிராமும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர வேண்டும். நான்கு கணினி என்றாகிவிட்டால் போஸ்ட்கிரஸுக்கோ மைஎஸ்க்யூஎல்லுக்கோ மாறுங்கள். ஒரே கணினிக்குள் என்றால் வால் முறையும் சிங்க்ரனஸ் செட்டிங்கில் நார்மலும் வைத்தால் ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க் இருக்காது. மின்சாரம் போனால் கடைசிச் சில கமிட்கள் போகலாம், கோப்பு கெடாது.

கேள்வி: போஸ்ட்கிரஸ் 14 திடீரென்று பேனிக் என்று எழுதிவிட்டு நின்றது. லாகில் எஃப்சிங்க் தோல்வி என்று இருந்தது. மறுபடி தொடங்கினால் ஓடுகிறது. விட்டுவிடலாமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: விடாதீர்கள். அது வேண்டுமென்றே நின்றது. 2018-இல் போஸ்ட்கிரஸ் உருவாக்குபவர்கள் ஓர் ஆபத்தைக் கண்டறிந்தார்கள். டிஸ்க்கில் எழுதுவது தோற்றால் கர்னல் எஃப்சிங்கில் ஒரு முறை பிழை சொல்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களை "எழுதியாயிற்று" என்று குறித்துவிடுகிறது. இன்னொரு முறை எஃப்சிங்க் கேட்டால் வெற்றி என்கிறது. டேட்டா டிஸ்க்குக்குப் போகவே இல்லை. அதுவரை போஸ்ட்கிரஸ் மறுபடி கேட்டு, வெற்றி என்ற பதிலை நம்பிச் செக்பாயின்ட்டை முடித்துக்கொண்டிருந்தது. 12-ஆம் பதிப்பிலும், அப்போது ஆதரவில் இருந்த பழைய பதிப்புகளுக்கு 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்களிலும் இதை மாற்றினார்கள். எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்று, லாகிலிருந்து மீட்டெடுக்கும். டேட்டா சிங்க் ரீட்ரை என்ற செட்டிங் பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவரும். அதை ஆஃபிலேயே வையுங்கள்.

மறுபடி தொடங்கி ஓடுகிறதென்றால் லாகிலிருந்து மீண்டுவிட்டது என்று பொருள். டிஸ்க் குணமாகிவிட்டது என்று பொருளல்ல. டிமெஸ்ஜில் (கர்னலின் செய்திப் பதிவு) பேனிக் வந்த நேரத்தைச் சுற்றி ஐஓ எர்ரர் வரிகளைத் தேடுங்கள், எந்த டிவைஸ் என்று தெரியும். டிரைவின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்கன்ட்ரோல் கட்டளை கொண்டு அதன் மீடியா எர்ரர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். தின் பிரொவிஷனிங் செய்த எல்விஎம் (இருப்பதைவிட அதிக இடம் காட்டும் டிஸ்க் பிரிப்பு) என்றால் அடியில் உள்ள பூல் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். ஃபைல் சிஸ்டத்தில் இடம் இருப்பதாகக் காட்டும்போதே எழுதுவது தோற்பதற்கு அது வழக்கமான காரணம். ரெப்ளிகா (வேறு சர்வரில் ஓடும் டேட்டாபேஸ் பிரதி) இருந்தால் வேலையை அங்கே மாற்றிவிட்டு, இந்த டிரைவில் எதையும் எழுதாமல் முதலில் பேக்கப் எடுங்கள். செக்சம் இயக்கி வைத்திருந்தால் போஸ்ட்கிரஸை நிறுத்திவிட்டு பிஜி செக்சம்ஸ் ஓட்டி ஒவ்வொரு பக்கத்தையும் சரிபாருங்கள். இல்லையென்றால் பிஜிடம்ப் கொண்டு எல்லா டேபிளையும் ஒரு முறை முழுதாகப் படியுங்கள். எந்த டேபிளில் நின்றதோ அதைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.